லைடனும் சிரட்டைக்கரியும்

யாழ்ப்பாணத்து வேலணைத்தீவிலே, சரவணை, நாரந்தனை முதலிய ஊர்களோடு விளங்குவது புளியங்கூடல். ஒல்லாந்தர் தம் ஆட்சிக்காலத்தில் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி, லைடன் என வழங்கினர். தீவகத்தார்க்குச் சிரட்டைக்கரி பழகிய பொருள். அடுப்பெரிக்கவும் ஆடை அழுத்தும் பெட்டிக்குள் இடவும் பயன்பட்டது. அத்தகைய கரியே கடல் கடந்த லைடன் நகரின் பெருவெற்றி ஒன்றுக்கு வழி திறந்தது என்பது நினைந்து மகிழத்தக்க வரலாறு.

கரி வாயுக்களைப் பற்றிக்கொள்ளும் என்பதைச் சுவீடன் நாட்டு ஷீலே 1773 ஆம் ஆண்டில் கண்டார். பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்றதன்று இது. வாயுவின் அணுக்கள் கரியின் மேற்பரப்பிலே சென்று ஒட்டுகின்றன. 1881 இல் செருமானியராகிய கைசர் இதற்குத் தனிப்பெயர் வழங்கினார். தமிழில் இது புறத்துறிஞ்சல் எனப்படும். செவ்வனே பதப்படுத்திய கரியில் எண்ணிறந்த நுண்துளைகள் உள்ளன. அதன் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய நான்கு பரப்புக் காணி, தேறும்.

1904 ஆம் ஆண்டளவில் இலண்டனில் சேர் ஜேம்ஸ் டூவர், தேங்காய்ச் சிரட்டைக்கரியைத் திரவக் காற்றாற் குளிர்வித்தார். குளிர்ந்த கரி பிற வாயுக்களை வெகுவாகப் பற்றியது. ஈலியமோ பெரும்பாலும் எஞ்சிநின்றது. அதே 1904 இல், கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த வேளையில், பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கரிய கனசதுரப் படிகங்கள் தோரியனைற்று என்னும் புதிய கனியமாக அறியப்பட்டன. அதிலிருந்து ஈலியம் மிகுதியாக வெளிப்படுவதை இராம்சே காட்டினார்.

ஈலியத்தைத் திரவமாக்கும் போட்டி அக்காலத்தில் மும்முரமாயிற்று. டூவரிடம் கரியின் உபாயம் இருந்தது. போதிய தூய ஈலியம் இல்லை. லைடன் நகரத்துக் கமர்லிங் ஒனஸ், மொனசைற்று மணலிலிருந்து ஈலியத்தைப் பெற்று, மிகக் குளிர்ந்த கரியின்மீது செலுத்தித் தூய்மையாக்கினார். 1908 யூலை 10 ஆந் திகதி வெற்றி அவருடையதாயிற்று. வழி கண்டவர் ஒருவர்; ஊர் சேர்ந்தவர் மற்றொருவர்.

ஈலியம் எதனோடும் எளிதிற் சேராதது. அதனைக் கரியிடம் ஈர்ப்பது மிக மெல்லிய விசை. சிறிது வெப்பம் ஏறினும் பிடி நெகிழும். ஆனால், பற்றும் மூலக்கூறு மின்னேற்றம் பெற்றிருப்பின், அவ்வேற்றம் ஈலிய அணுவின் இலத்திரன் முகிலைச் சற்றே இழுத்துப் பிடியை இறுக்குகிறது. கரியின் உள்ளமைப்பில் காபன் அறுகோணங்கள் வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. அவ்வலையின் சிறு துணுக்குகளை ஒத்தவையே பென்சீன் வளையங்களாலாகிய அரோமற்றிக்கு மூலக்கூறுகள். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருப்பின் அணு அமரும் இருக்கைகள் மாறா. ஒற்றைப் பிணைப்பாற் கோக்கப்பட்டிருப்பின், கீலிலாடும் கதவுபோல் வளையங்கள் திரும்பும். உருவம் மாற இருக்கையும் மாறும்.

இவ்விருக்கைகளை எண்ணவும் இன்று இயலும். அறுபது காபன் அணுக்களாலான பந்துபோன்ற மூலக்கூறில் இருபது அறுகோணங்களும் பன்னிரண்டு ஐங்கோணங்களும் உள. அதன் அயன்மீது ஈலிய அணுக்கள் முகத்துக்கு ஒன்றாக முப்பத்திரண்டு அமர்வதை ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தார் 2012 இல் அறிவித்தனர்.

இந்த எண்ணிக்கை வெறும் வேடிக்கையன்று. விண்மீன் ஒளியிலே விளங்காத உறிஞ்சற் கோடுகள் பல 1920களிலிருந்து வானியலாரை மயக்கி வந்தன. 1994 இல் கண்ட இரு கோடுகள் மேற்கூறிய பந்தின் அயனுக்கு உரியவையோ என்ற ஐயம் எழுந்தது. 2015 இல் பாசல் நகரத்து மாயரும் துணைவரும் அவ்வயனில் ஓர் ஈலிய அணுவை ஒட்டவைத்தனர். ஏற்ற ஒளி பட்டபோது அணு பிரிந்தது. அவ்வொளியின் அலைநீளம் விண்மீன் ஒளியிற் கண்ட கோடுகளோடு ஒத்தது. ஐயமும் தீர்ந்தது.

பற்றுதலால் லைடன் வென்றது. பற்று விடுதலால் விண்மீன் ஒளியின் மறைபொருள் ஒன்று வெளியாயிற்று. சிரட்டையைத் தந்த தென்னையும், ஈலியத்தைத் தந்த பலாங்கொடைக் கல்லும் இலங்கை மண்ணில் விளைந்தவை. ஒல்லாந்தர் இட்ட லைடன் என்னும் பெயரோடு, புளியங்கூடலார் இவ்வரலாற்றையும் சேர்த்து நினைத்தல் தகும்.