டீசல் கார் லாபம் தந்ததா?

புதிதாகக் கார் வாங்குகிறவர் இரண்டு விலைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, வாங்கும்போது கொடுக்கும் விலை. மற்றொன்று, ஓட ஓட எரிபொருளுக்குக் கொடுக்கும் விலை. முதலாவது கூடினாலும் இரண்டாவது குறைந்தால் லாபம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டு டீசல் காரின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது.

ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ஃப் டீசல் 1892-இல் தமது எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை ஒரு தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினிலோ காற்று மட்டும் மிகுதியாக அழுத்தப்படுகிறது. அதனால் சூடேறிய காற்றில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானே எரிகிறது. அழுத்தம் மிகுந்திருப்பதால் வெப்பத்தில் கூடுதல் பங்கு வேலையாக மாறுகிறது. ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் தூரமும் கூடுகிறது. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் உறுதியாக இருக்க வேண்டும். ஆகவே விலையும் அதிகம்.

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. லாரி, பஸ், டிராக்டர் ஆகியவற்றை எண்ணி டீசல் விலையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. 2012 மே இறுதியில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் சுமார் 73 ரூபாய். டீசல் சுமார் 41 ரூபாய். டீசல் கார்களுக்குக் கிராக்கி ஏற்பட்டதில் வியப்பில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டீசல் கார் 1,00,000 ரூபாய் கூடுதல் என்றும், லிட்டருக்குப் பெட்ரோல் கார் 15 கிலோமீட்டர், டீசல் கார் 20 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொள்வோம். 2012 விலையில் கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 2 ரூபாய் 80 காசு. ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் கூடுதல் பணம் திரும்பிவிடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்றே ஆண்டுகள்!

ஆனால் விலை அப்படியே நின்றதா? 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் நீங்கியது. 2020 ஜூனில் தில்லியில் டீசல் விலை பெட்ரோலையே முந்தியது; இரண்டும் 80 ரூபாயை ஒட்டி நின்றன. அந்த விலையில் மிச்சம் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 33 காசுதான். பணம் திரும்ப 75,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பன்னிரண்டரை ஆண்டுகள்! பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டதையும் இங்கு நினைவில் கொள்ளுங்கள். அடுத்த மாதமே வரி குறைந்து, தில்லியில் டீசல் 8 ரூபாய்க்கு மேல் இறங்கியது என்பதும் உண்மை. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதால் சிறிய டீசல் எஞ்சின்களின் செலவு ஏறியது. 2020 ஏப்ரல் முதல் மாருதி சுசுகி நிறுவனம் டீசல் கார்களைக் கைவிட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கூடுதல் விலை இன்றே கையை விட்டுப் போகும் பணம். மிச்சமோ நாளைய விலையையும் நாம் ஓடும் தூரத்தையும் நம்பியிருப்பது. ஆகவே, கூடுதல் விலையைக் கிலோமீட்டருக்கு ஆகும் மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். பிறகு மிச்சம் பாதியானால் என்னாகும் என்றும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். அப்போதும் கணக்கு ஒத்துவந்தால் துணிந்து வாங்கலாம். மின்சாரக் கார் வாங்க எண்ணுபவருக்கும் இதே கணக்குதான்.