சேகரிப்பும் வீடும்: ரோஜா முத்தையா தொகுப்பை முன்வைத்து

தனிமனிதர் ஒருவரின் சேகரிப்பு வீட்டை நிறைக்கத் தொடங்கும்போது, வீட்டார் அதைப் பைத்தியம் என்கிறார்கள். ஆய்வாளர்கள் தொண்டு என்கிறார்கள். இரு தீர்ப்புகளும் சேகரிப்பவரின் மனத்தையே பார்க்கின்றன. சேகரிப்பு ஆவணமாக நிலைப்பதும் எடைக்குப் போவதும் அதற்குப் பட்டியல் உண்டா, ஏற்கும் இடம் உண்டா என்பதைப் பொறுத்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பொருள்களைக் குவித்துவைக்கும் கோளாறைத் தனி நோயாக வரையறுத்தது. மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதையும் கழிக்க இயலாமை, அறைகள் புழங்க முடியாதபடி அடைந்துபோதல், அதனால் விளையும் துன்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். அதற்கு மருத்துவ உதவி தேவை. சேகரிப்பவரோ தேடுகிறார், தேர்கிறார், வகைப்படுத்துகிறார். ஆனால் வீடு சிறியதானால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். ஊர் திரும்பிய பின் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டுவதே அவர் வாழ்க்கையாயிற்று. திருமண அழைப்பிதழ், நாடகத் துண்டறிக்கை என மற்றவர்கள் கசக்கி எறிந்தவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது தொகுப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளாக வளர்ந்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது; ஆனால் கடல் கடத்தவில்லை. 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நூல்கள் பட்டியலிடப்பட்டன, நுண்படமாக்கப்பட்டன. முகப்பேரில் தொடங்கிய அந்நூலகம் இன்று தரமணியில் இயங்குகிறது. முத்தையாவின் ஆர்வம் அபூர்வமானது. தொகுப்பைக் காப்பாற்றியது அவருக்குப் பின் வந்த ஏற்பாடு.

அத்தகைய ஏற்பாடு முன்பும் அமைந்ததுண்டு. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் திரட்டிய உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் நூல்நிலையம் அமைந்து அவர் திரட்டிய சுவடிகளுக்குப் புகலிடமாயிற்று. பெசன்ட் நகரில் அது இன்றும் உள்ளது. இவ்விரு நிறுவனங்களும் தென்சென்னையிலேயே இருந்தும், தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பகுதிகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர், ரயில்வே ஊழியர் வீடுகளில் சேரும் தொகுப்புகளுக்கு அத்தகைய புகலிடம் எளிதில் வாய்ப்பதில்லை. தனி மனைகள் அடுக்ககங்களாக மாறுகின்றன. பரணும் திண்ணையும் போய்விட்டன. புத்தக அலமாரிக்கு விட்ட இடம், பிள்ளைகளுக்கு வேண்டிய அறையாகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. கரையானும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் செய்வதை வெள்ளம் ஒரே இரவில் செய்துவிடும்.

எல்லாவற்றையும் காப்பது நூலகங்களால் ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது, காக்க வேண்டியதுமில்லை. பல இடங்களில் கிடைக்கும் நூலை விட்டுவிடலாம். ஆனால் எது அரியது, எது பிரதி என்று பட்டியல் இல்லாமல் சொல்ல முடியாது. பட்டியல் இருந்தால் வீட்டாருக்கும் கழிக்கத் துணிவு வரும். சேகரித்தவருக்கும் பிரிய மனம் வரும்.

இப்படிப் பட்டியலிடுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி நாம் சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியவற்றை இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அதன் எல்லைக்குள் ஒரு கிளை நூலகத்தையாவது தனியார் தொகுப்புகளைப் பார்வையிட்டுப் பட்டியலிடும் நிலையமாக்க வேண்டும். அரியவற்றை மின்னுருவாக்கித் தரமணிக்கோ பெசன்ட் நகருக்கோ அனுப்பிவைக்க வேண்டும். சேகரிப்பவர்களும், தாம் இருக்கும்போதே ஒரு குறிப்பேட்டில் பட்டியல் எழுதி, யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.