விலங்குகளின் அறநிலை: கண்டி யானைகள்

விலங்கை வதைத்தால் தீங்கு யாருக்கு? அந்த விலங்குக்கா, அதன் உடைமையாளருக்கா, வதைப்பவரின் மனத்துக்கா? விலங்குகளின் அறநிலை பற்றிய மெய்யியல் விவாதம் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. இலங்கையில் இக்கேள்வி கண்டியின் யானைகளால் கூர்மை பெற்றது.

பௌத்தரின் ஐந்து சீலங்களில் முதலாவது கொல்லாமை. மான் வேட்டைக்குப் போன மன்னன் தேவநம்பிய தீசன் மிகிந்தலையில் மகிந்த தேரரைக் கண்டதிலிருந்தே இலங்கைப் பௌத்தம் தொடங்கியதாக மகாவம்சம் கூறும். ஜாதகக் கதைகளில் போதிசத்துவர் யானையாகவும் மானாகவும் பிறக்கிறார். ஆனால் விலங்காய்ப் பிறப்பது தீவினைப் பயன் என்பதும் இதே மரபின் கொள்கைதான். இரக்கமும் தாழ்வெண்ணமும் இங்கே ஒன்றாகவே வாழ்கின்றன. தமிழில் திருக்குறள் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தது.

மேற்கில் அரிஸ்டாட்டில் விலங்குகள் மனிதனுக்காகவே உள்ளன என்றார். டெக்கார்ட் அவற்றை இயந்திரமாகக் கண்டார். கான்ட் விலங்கை வதைக்கக் கூடாது என்றார். வதைப்பவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பதே அவர் சொன்ன காரணம். பென்தம் 1789இல் அளவுகோலையே மாற்றினார்: பகுத்தறிவோ பேச்சோ அல்ல, துன்புறும் தன்மையே கணக்கு. பீட்டர் சிங்கரின் ‘விலங்கு விடுதலை’ அவ்வழியில் வந்த நூல். அது வெளியான 1975இல்தான் கண்டிக்கு மேற்கே பின்னவல யானைகள் சரணாலயமும் தொடங்கப்பட்டது.

கண்டியில் புத்தரின் புனிதப் பல்லைப் பேணும் தலதா மாளிகையின் ராஜா என்ற கொம்பன் யானை ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டது. 1937இல் மாளிகைக்குக் காணிக்கையாக வந்தது. எசல பெரஹரா ஊர்வலத்தில் அப்பல்லுக்குரிய பேழையைச் சுமந்து, தரையில் விரித்த நிலபாவாடை மேல் நடந்த அதனை 1986இல் தேசியச் செல்வமாக அறிவித்தனர். 1988 ஜூலை 16இல் அது இறந்தபோது நாடு துக்கம் காத்தது. பாடம் செய்யப்பட்ட உடலை மாளிகை வளாகத்து அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

2019 ஓகஸ்டில், அதே பெரஹராவில் நடத்தப்பட்ட டிக்கிரி என்ற சுமார் 70 வயதுப் பெண் யானையின் படம் உலகெங்கும் பரவியது. அலங்காரத் துணியைக் கழற்றியதும் எலும்புகள் துருத்தி நின்றன. கண்டனம் எழுந்த பின்னரே அதனை ஊர்வலத்திலிருந்து விலக்கினர். செப்டெம்பரில் அது இறந்தது.

ராஜாவுக்குக் கிடைத்த மதிப்பு பெரிதும் பேழையைச் சார்ந்தது. டிக்கிரிக்குத் தேவைப்பட்டது அதன் உடலின் வலியைப் பார்க்கும் கண். சுமப்பதற்காகத் தரும் மதிப்பு, சுமக்க முடியாமற்போகும் நாளில் யானையைக் காக்காது. ஒரு யானைக்கு அறநிலை உண்டு என்றால், அது தளர்ந்து நிற்கும் நாளிலும் இருக்க வேண்டும்.

சட்டம் இப்பக்கம் மெதுவாகவே திரும்பியிருக்கிறது. 2021 ஓகஸ்ட் வர்த்தமானி, வளர்ப்பு யானைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரக் குளிப்பையும் அதிகபட்சம் நான்கு மணி நேர வேலையையும் விதித்தது. பணியின்போது பாகன் மது அருந்துவதையும் தடுத்தது. ஆனால் அடிப்படைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். கொடுமைக்கு அது வைத்த உச்ச அபராதம் 100 ரூபாய்.