தொட்டி மண்ணில் காற்றும் இருக்க வேண்டும்
நம் ஊர் மழையில் தொட்டிக் கறிவேப்பிலை தண்ணீரில்லாமல் பட்டுப்போவதைவிட, வேர் அழுகிப் பட்டுப்போவதே அதிகம். வெறும் செம்மண் தொட்டியில் இறுகிவிடும். வேருக்குக் காற்று எட்டாது.

இரண்டு பங்கு மண்ணுக்கு நன்கு மட்கிய உரம், தேங்காய் நார்த்தூள், உமிக்கரி ஆகியவற்றில் ஒவ்வொரு பங்கு சேருங்கள். செடி விற்கும் கடையில் 'செக்காம் பாக்கார்' என்று கேட்டால் உமிக்கரி தருவார்கள். கறுப்பாக, உமியின் வடிவம் கெடாமல் இருக்க வேண்டும். வெள்ளைச் சாம்பல் உதவாது. பெர்லைட்டும் நல்லதுதான், ஆனால் விலை கூடுதல். நார்த்தூளில் உப்பிருக்கலாம், இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். பச்சைக் கோழி எரு வேண்டவே வேண்டாம், வேர் கருகிவிடும்.

ஈரக் கலவையைக் கையில் பிடித்து விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டைபோல் நின்றால் இன்னும் கொஞ்சம் உமிக்கரி போடுங்கள்.