புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்

ஆரணியிலிருந்து புதுச்சேரி போகும்போதெல்லாம் நேரு வீதியில் உள்ள பெரிய மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவேன். ஏட்டில் அது குபேர் அங்காடி. 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கிராண்ட் பஜார். வீதிக்கும் அப்போது துய்ப்ளேக்ஸ் பெயர்தான். ஜனங்களுக்கு என்றைக்கும் பெரிய மார்க்கெட்.

இதை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு எழுந்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். பிரெஞ்சில் படித்தவனாதலால் எனக்குப் பாரிசின் லே ஆல் ஞாபகம் வந்தது. 1969இல் அந்தச் சந்தையை ஊருக்கு வெளியே ரன்ஜிஸுக்கு மாற்றினார்கள். 1971 முதல், பல்தார் கட்டிய இரும்புக் கூடங்களை இடித்தார்கள். ஒரே ஒரு கூடத்தை மட்டும் பிரித்தெடுத்து வேறு ஊரில் நிறுத்தியிருக்கிறார்கள்.

நம் கொத்தவால் சாவடியும் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. அது சரியே, லாரிகள் வரும் மொத்தச் சந்தைக்கு அந்தச் சந்துகள் போதாது. பெரிய மார்க்கெட் அப்படியல்ல. பையோடு நடந்துவரும் ஜனங்களும், தரையில் கூடை வைத்து மீனும் கீரையும் பூவும் விற்கும் பெண்களும்தான் அங்கே அதிகம். கடைக்காரரிடம் வாடகை ரசீது இருக்கும். கூடைக்காரியிடம் என்ன இருக்கும்? புதுக் கட்டடம் வருமானால், அவள் உட்காரும் இடத்தை வரைபடத்திலேயே குறித்துக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.