தறியோசையும் ஏட்டுச்சுவடியும்

தாராசுரம் என்றவுடன் நம் நினைவில் எழுவது, 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலே. 2004-இல் அது உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது. ஆயின், இவ்வூரில் பட்டு நெய்யும் சௌராட்டிரரின் வரலாற்றைக் கேட்போர் மிகச் சிலரே.

கூர்ச்சர நாட்டினின்று புறப்பட்டு, தலைமுறைகள் பல நடந்து, விசயநகர, நாயக்க அரசுகளின் காலத்தில் தமிழகத்தில் வேரூன்றியவர்கள் இவர்கள். பட்டுநூல்காரர் என ஊரார் அழைத்தனர். இல்லத்தில் இவர்கள் பேசுவது வடபுல மொழியினம் சார்ந்தது. வந்த வழியெல்லாம் தெலுங்கு முதலிய மொழிகளின் சொற்களையும் அது ஏற்றுக்கொண்டது.

இம்மக்களுள் பிறந்தவரே வேங்கடரமண பாகவதர். 1781-இல் அரியலூரில் தோன்றினார், தாராசுரத்திற்கு மேற்கேயுள்ள ஐயம்பேட்டையில் வாழ்ந்தார், தியாகையரின் மாணாக்கரானார், பின்னர் வாலாஜாபேட்டையில் குடியமர்ந்தார். ஆசானின் தெலுங்குக் கீர்த்தனைகளை அவர் எழுதிக் காத்தார். அவர்தம் மைந்தர் கிருஷ்ணசாமி பாகவதர், தியாகையரின் வரலாற்றையும் எழுதிவைத்தார். அச்சுவடிகள் மதுரை சௌராட்டிர சபையில் பேணப்பட்டன. இன்று தியாகையரைப் பாடுவோர் அனைவரும் அக்குடும்பத்திற்குக் கடன்பட்டவர்களே.

பிறமொழிப் பாடல்களை அழியாது காத்த சமூகத்தின் சொந்த மொழியோ பெரும்பாலும் நாவிலேயே வாழ்கிறது. அதற்கென எழுத்து உண்டு. அதை வாசிக்கவல்ல இளையோர் அரியர். கைத்தறியும் குறைந்து வருகிறது. தறியோடு சேர்ந்து அதன் சொற்களும் மறையும்.

கல்லைக் காக்க அரசு உண்டு. முதியோரின் சொல்லைக் காப்பவர் யார்? ஆசானின் பாட்டை அன்று ஏட்டில் பதித்தார் ஒரு மாணாக்கர். பாட்டியின் பேச்சை இன்று குறிப்பேட்டில் பதிக்க ஒரு பேரப்பிள்ளை முன்வந்தால் போதும். வரலாறு அங்கே தொடங்கிவிடும்.