மட்டக்களப்பு வாவியும் மின்னிரசாயன நீர் உணரிகளும்

நீரில் கரைந்த நச்சுப் பொருளை மின்வாயில் எழும் மின்னழுத்தத்தாலோ மின்னோட்டத்தாலோ கண்டறியும் கருவியே மின்னிரசாயன உணரி. கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாத ஈயத்தையும் கட்மியத்தையும்கூட அது காட்டிக்கொடுக்கும்.

இதன் வரலாற்றில் 1922 முக்கியமான ஆண்டு. பிராக் நகரில் யாரொஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, சொட்டும் பாதரசத் துளிகளையே மின்வாயாக்கிப் போலரோகிராபி முறையை உருவாக்கினார். 1959இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் வளர்ந்த முறையொன்றில், நீரிலுள்ள உலோகம் முதலில் மின்வாயில் படியவைக்கப்பட்டு, பிறகு கரைத்து எடுக்கப்படுகிறது. அப்போது ஓடும் மின்னோட்டமே உலோகத்தின் அளவைச் சொல்லும். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அதற்கும் குறைவானதை இம்முறை பிடித்துவிடும். 1962இல் லீலண்ட் கிளார்க் நொதியை மின்வாயோடு இணைக்கும் வழியைக் காட்டினார். நரம்பு நொதியொன்றை முடக்கும் ஒகனோபொஸ்பேற்றுப் பூச்சிநாசினிகளை, அந்த முடக்கத்தை வைத்தே அளக்கும் உணரிகள் பின்னர் வந்தன.

மட்டக்களப்புக்கு இவை வேண்டியதன் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட வாவியின் மேற்கே படுவான்கரை வயல்கள். பசளையும் நாசினியும் கலந்த வடிநீர் வாவியில்தான் சேரும். கிழக்கே எழுவான்கரையில், மணலில் தோண்டிய ஆழமற்ற கிணறுகளை மக்கள் நம்பியிருக்கிறார்கள்.

2004 ஆழிப்பேரலை அந்தக் கிணறுகளை உப்பாக்கியது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கல்லடி, களுவாஞ்சிக்குடியை அடுத்த களுதாவளை முதலிய இடங்களில் மின்கடத்துதிறனை அளந்து உப்பின் போக்கைத் தொடர்ந்தனர். கிணறுகளை அளவுமீறி இறைப்பது பயன் தராது, கேட்டையும் விளைவிக்கலாம் என்பது தெரியவந்தது; மழைநீர்தான் உப்பைக் கழுவியது. எளிய அளவீடு எத்தனை பெரிய முடிவுக்கு வழிகாட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் மின்கடத்துதிறன் மொத்த உப்பைச் சொல்லுமே தவிர, நஞ்சின் பெயரைச் சொல்லாது.

பெயர் சொல்லும் உணரிக்கும் இங்கே ஒரு தடை உண்டு. பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றை அளக்கும் மின்வாய், குளோரைட்டு மிகுந்தால் தவறான அளவு காட்டும். மாரியில் நன்னீர் பெருகி, கோடையில் உவர்ப்பு ஏறும் வாவியில் அந்தத் தவறும் பருவத்தோடு மாறும். ஆகவே வேறிடத்தில் அளவுத்திருத்தம் செய்த கருவியை அப்படியே இறக்கி, அதன் எண்ணை நம்பக் கூடாது. வாவி நீரிலேயே, ஒவ்வொரு பருவத்திலும் அது சரிபார்க்கப்பட வேண்டும்.

மீன்கள் செத்து மிதந்த பிறகு எடுக்கும் ஒரு போத்தல் நீர் போதாது. வயல் வடிகால்கள் வாவியைச் சேரும் வாய்களில் நிரந்தர உணரிகளை நிறுவி, அளவுகளை மீனவருக்கும் விவசாயிகளுக்கும் உடனுக்குடன் அறிவிப்பது அதிகாரிகளின் கடமை.